ஏழடி கேட், எட்டடி டிராக்டர்

சோப்புப் போட்டு எத்தனை முறை கழுவியும் விரல்களிலிருந்து கிரீஸ் வாசனை போகவில்லை. இந்தக் கையோடுதான் உங்களுக்கு எழுதுகிறேன். சமையலறை ஜன்னலுக்கு வெளியே கொல்லைச் சுவர் தெரிகிறது. வெறும் சுவர்தான், ஆனால் பல ஆண்டுகளாக அந்த இடத்தில் உங்கள் டிராக்டரின் பின்சக்கரம் மட்டுமே தெரிந்தது. பால் பொங்கும்போதும் அது, மழையை எட்டிப் பார்த்தாலும் அது.

பாகூர் நிலம் மனைகளானபோது எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தீர்கள், அதை மட்டும் விடவில்லை. உப்பளத்து வீடு வரைக்கும் நீங்களே ஓட்டி வந்து கொல்லையில் நிறுத்தினீர்கள். உங்கள் தம்பி அதைப் பழைய இரும்புக்குப் போடலாம் என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நம் மாலாவின் பிரசவத்துக்காக நான் உழவர்கரைக்குப் போயிருந்த நாட்களில், பின்சக்கரங்கள் இரண்டையும் அச்சின் ஓரத்துக்குத் தள்ளி வைத்துவிட்டீர்கள். திரும்பி வந்த என்னிடம் சின்னப் பையனைப் போலச் சிரித்தீர்கள். "அகலத்த கூட்டிட்டேன். இனிமே எவன் இட்டுனு போறான்னு பாக்கறேன்." நம் கேட் ஏழடி. டிராக்டர் எட்டடி ஆகியிருந்தது.

அடுத்த கோடையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத வெட்ட மட்டும் வுட்டுடாத. முழுசா போவணும்" என்றீர்கள். சரி என்றேன். நான் சரி என்றால் அது சரிதான் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் போய்விட்டீர்கள். அதுவும் நானும் உள்ளே இருந்தோம்.

அந்தச் சொல்லோடு வாழ்வது எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். கூடத்தில் கூரை ஒழுக ஆரம்பித்தது. முழங்கால் படியிறங்க மறுத்தது. மாலா தன் வீட்டில் வெளிச்சமான அறை ஒன்றை ஒழித்து வைத்துவிட்டு வாரந்தோறும் வந்து கூப்பிட்டாள். நான் கிளம்பினால் மறுவாரமே அது துண்டு துண்டாகக் காயலான் கடைக்குப் போகும். அதனால் கிளம்பவில்லை. "அப்பா அத பூட்டுனாரா, ஒங்கள பூட்டுனாராம்மா?" என்று போன மாதம் கேட்டாள். அவளை அதட்டினேன். ஆனால் இரவு படுத்ததும் அதையேதான் நானும் உங்களிடம் கேட்டேன்.

மெக்கானிக்குகளை வரவழைக்காமல் இல்லை. சக்கரம் உள்ளே நகரும், நிலத்தில் நகர்த்தியிருக்கிறோம் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். சம்மட்டியால் அடித்துப் பார்த்துவிட்டு, "இது நகர்ற மாடலு இல்லம்மா" என்று போனார்கள். கடைசியாக வந்தவர், உப்புக் காற்றில் அச்சே இறுகிப்போயிருக்கும், கேஸ் கட்டர்தான் வழி என்றார்.

பிறகு மாலா கடலூர்ப் பக்கத்தில் ஒருவரைக் கண்டுபிடித்தாள். பழைய டிராக்டர்களை ஓடவைத்துக் காப்பாற்றுகிறவர். போனில் முதல் கேள்வியே என்ன மாடல் என்பதுதான். எண் பொறித்த தகட்டை உப்பு தின்றுவிட்டது என்றேன். "அப்ப பாத்தத சொல்லுங்கம்மா" என்றார். சொன்னேன். நான்கு சிலிண்டர். பெட்ரோலில் கிளப்பி, சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். முன்சக்கரம் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல், இரண்டு வரிசைக்கு நடுவே ஒரே தடத்தில் போகும். வயிறு உயரம், இடுப்பளவு கரும்பின் மேலும் உரசாமல் தாண்டும். பின்சக்கரத்துக்கும் கியர்ப் பெட்டிக்கும் நடுவே அச்சைச் சுற்றி ஏதோ சாக்கு கட்டியிருக்கிறது.

"அது ரோ-கிராப்புங்கம்மா. வரிசப் பயிருக்குன்னே செஞ்சது. சக்கரம் நகரலன்னா அதுக்கு வேலையே இல்ல. ஆளு அனுப்பறேன்."

நேற்று செல்வம் என்பவர் வந்தார். "வண்டி எங்க நிக்குது ஆயா?" என்றார். ஆயா இல்லை, அம்மா என்று திருத்தினேன். அவர் சம்மட்டியை எடுக்கவில்லை. சக்கரத்தின் குடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, போல்ட்டுகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டுப் போனார். இன்று காலை வந்து குந்தி உட்கார்ந்து பார்த்தவர் கேட்டார், "இங்க ரெண்டு ஓட்ட காலியா கீதே. போல்ட்டு எங்கனா வுழுந்துடுச்சாம்மா?"

அந்தக் கேள்வியில்தான் எனக்கு நம் நிலம் கண்முன் வந்தது. மணிலாக் கடலைக்கு ஓர் அகலம், கரும்புக்கு ஓர் அகலம். நீங்கள் படித்தது பிரெஞ்சு, டிராக்டரோடு வந்த புத்தகம் ஆங்கிலம். வரப்பில் நாற்காலி போட்டு நான் ஒரு வரி படித்துத் தமிழில் சொல்வேன். நீங்கள் அதைச் செய்து முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். முடித்ததும் சக்கரத்துக்குப் பின்னாலிருந்து குரல் வரும். "ம். மேல படிங்க மதாம்."

"எதுவும் விழவில்லை. அந்தத் துளைகள் காலியாகத்தான் இருக்க வேண்டும்" என்றேன். "போல்ட்டைக் கழற்றி அந்தத் துளைகளில் போட்டு இறுக்குங்கள். இறுக்க இறுக்க உள்ளே இருக்கும் ஆப்பு வெளியே வரும்."

"இறுக்குனா கழலுமா?" மாலா சிரித்தாள். செல்வம் சிரிக்கவில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கி, நான் சொன்னபடி மாற்றி மாற்றி இறுக்கினார். டக்கென்று ஒரு சத்தம், ஆப்பு வெளியே வந்தது.

இனி அச்சு. துருவைத்தான் எதிர்பார்த்தோம். செல்வம் சாக்கை அறுத்தார். உள்ளே துணி. துணிக்குள் கிரீஸ், வெண்ணெய் அப்பினாற்போல். கையால் வழித்தேன். அச்சு கண்ணாடியாக மின்னியது. அந்தத் துணி என் சாம்பல் நிற வாயில் புடவை, காணோமென்று நான் பீரோவைத் தலைகீழாக்கித் தேடியது.

நகரவே கூடாது என்று நினைக்கிறவர் அச்சுக்குக் கிரீஸ் பூசமாட்டார். ஒருநாள் சக்கரம் உள்ளே வரும் என்று நினைத்துத்தான் பூசியிருக்கிறீர்கள். இதை என்னிடம் சொல்லியிருக்கலாம். புடவையையும் கேட்டிருக்கலாம். நல்ல புடவை.

மதியத்துக்குள் சக்கரங்கள் இரண்டும் வழுக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டன. மாலையில் கடலூர்க்காரரின் லாரி வந்தது. கயிறு கட்டி இழுத்தார்கள். இரண்டு பக்கமும் ஒரு சாணுக்குக் குறையாத இடம் விட்டு, முழுசாக, நான்கு சக்கரத்தில் போனது. கேட்டைச் சாத்திவிட்டு மாலா கேட்டாள், "ஒண்ணு கேக்கட்டா? காலைல செல்வத்துக்கு ஒவ்வொரு வரியா சொல்லிட்டு, நடுவுல நடுவுல எதுக்கு நின்னுட்டீங்க? எங்கிட்ட பேசறப்பகூட அப்டித்தான் நிக்கறீங்க. வயசாயிடுச்சு, மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்."

மறக்கவில்லை. நாளை அவளோடு உழவர்கரைக்குப் போகிறேன். அங்கேயும் அப்படித்தான் பேசுவேன் போலிருக்கிறது. ஒரு வரி சொன்னதும் வாய் தானாக மூடிக்கொள்கிறது. சக்கரத்துக்குப் பின்னாலிருந்து நீங்கள் "ம்" சொல்லும்வரை காத்திருக்கிறேன்.