கட்டைவிரல் மாமாவுக்குத் தனிக் குளியல்

மார்ச் 3, செவ்வாய்

ஆறு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் கதவு பாதியில் நின்றுகொண்டு மக்கர். அதைக் கழற்றிப் போட்டிருந்தபோதுதான் அக்காவிடமிருந்து செய்தி வந்தது. ‘18ஆம் தேதி ஆபரேஷன். குரல்நாணில் சின்னக் கட்டி. பயப்பட ஒன்றுமில்லை.’ பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதுகிறவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

சாயங்காலம் நேரில் போனேன். ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு வாரம் வாயே திறக்கக் கூடாதாம். குரல் பழையபடி வருமா என்று கேட்டதற்கு டாக்டர், பார்க்கலாம் என்றாராம். பாலர் வகுப்பு டீச்சரிடம் சொல்லக்கூடிய பதிலா அது?

அவளுக்கு அதைவிடப் பெரிய கவலை, கை கழுவும் பாட்டு. அவளே கட்டியது. ‘உள்ளங்கை புறங்கை, விரலிடுக்கில் நுரை, கட்டைவிரல் மாமாவுக்குத் தனிக் குளியல் முறை’ என்று போகும். இருபத்திரண்டு வாண்டுகளும் அது இல்லாமல் குழாயைத் தொடாதுகள். போனில் பதிந்து பார்த்திருக்கிறாள். குழாய்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. வகுப்பில் அவள் தண்ணீர் மக்கைத் தட்டித் தாளம் போடுவாள். அப்படித் தாளமும் சேர்ந்தால் எடுபடும் என்றாள். நான் பண்ணித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

எதை வைத்து? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு எப்போது தெரிந்திருக்கிறது?

மார்ச் 5, வியாழன்

எங்கள் லிஃப்ட் கம்பெனியில் ஒருவனை ‘சுருதி’ என்றுதான் கூப்பிடுவோம். முன்பு இசைக்குழுவில் கீபோர்டு வாசித்தவன். இசைக்கு எந்த மென்பொருள் என்று கேட்டேன். பெரிய ஸ்டூடியோக்காரர்கள் வைத்திருப்பதையே சொன்னான்.

திறந்தேன். இருபது மாடி லிஃப்டுக்குக்கூட இத்தனை பொத்தான் கிடையாது. ஒரு மணி நேரம் முட்டி மோதியதில் ஒரே ஒரு ‘டொய்ங்’ வந்தது. அதை நிறுத்துவது எப்படி என்று தெரியாமல் கணினியையே அணைத்தேன்.

மார்ச் 7, சனி

இரண்டாவது மென்பொருள். இது தேவலை. மேளம், மணி எல்லாம் தயாராக இருந்தது. இழுத்துப் போட்டால் போதும். மூன்று மணி நேரம் உட்கார்ந்து அழகான தாளம் ஒன்று அமைத்தேன். எனக்கே கால் ஆடியது. மூடும்போது சொல்கிறது — சோதனைப் பதிப்பில் சேமிக்க முடியாதாம்.

தொடங்கும்போதே சொல்லியிருக்கும். படிக்காமல் ‘சரி’யை அமுக்கியிருப்பேன். லிஃப்டில் ஒட்டிய அறிவிப்பை யாரும் படிப்பதில்லை என்று ஊரெல்லாம் புலம்புகிற ஆள் நான்தான்.

மார்ச் 8, ஞாயிறு

மூன்றாவது. இலவசம். திறந்தால் நான்கே நான்கு பட்டைகள்: ஒன்றில் தாளம், ஒன்றில் மணி, ஒன்றில் குரல். நாலாவதற்கு எனக்கு வேலையே இல்லை. இதுதான் என் அளவு. தாளத்தை மறுபடி அமைத்து, மூன்று பெயரில் மூன்று முறை சேமித்தேன். சூடு கண்ட பூனை.

அக்கா அடுத்த சனிக்கிழமை வருகிறாள். பேச்சையே குறைக்கச் சொல்லியிருப்பதால் இரண்டே முறைதான் பாடுவாளாம்.

மார்ச் 14, சனி

எழுதவே கை வரவில்லை.

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, தாளத்தைக் கேட்டுக்கொண்டே அக்கா பாடினாள். போட்டுக் கேட்டோம். தாளம் முன்னால் போக, அவள் குரல் பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி பின்னால் ஓடி வருகிறது. இரண்டாம் முறையும் அதே. ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

“இருபது வருஷமா பாடறேன்டா. தாளமே நிக்கல. தொண்டையோட சேந்து எல்லாம் போகுது போல.”

ஆபரேஷனுக்கு நாலு நாள் இருக்கையில் கூட்டிக்கொண்டு வந்து அழ வைத்து அனுப்பிவிட்டேன். இது தேவையா எனக்கு?

அவள் போனபின் நானே ஹெட்ஃபோனை மாட்டிக் கை தட்டிப் பார்த்தேன். நானும் பின்னால்தான். மற்ற இரண்டு மென்பொருளையும் திறந்து தட்டினேன். அங்கேயும் அப்படியே. மூன்றும் சேர்ந்து பொய் சொல்லுமா? அப்படியானால் குடும்பத்துக்கே தாளம் இல்லையா?

மார்ச் 15, ஞாயிறு

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் நேற்றைய கதையைச் சொன்னேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“அந்த ஹெட்ஃபோனா? அதுல சீரியல் பாத்தா, அவங்க வாய மூடினப்புறம்தான் எனக்கு வசனம் கேக்கும். நான் பழகிக்கிட்டேன்.”

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கம்பியில்லா ஹெட்ஃபோன்! தாளம் அக்கா காதுக்குப் போய்ச் சேர்வதே தாமதம். அவளோ காதில் விழுந்ததற்குச் சரியாகப் பாடியிருக்கிறாள். இதற்காக நான் மூன்று மென்பொருளைத் திட்டித் தீர்த்தேன். பதில் ஒரு வருடமாகப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருந்தது.

பொத்தான், ரப்பர் வளையம் எல்லாம் கிடக்கிற மேஜை இழுப்பறையிலிருந்து கம்பி வைத்த பழைய ஹெட்ஃபோனை மனைவியே தேடி எடுத்துக் கொடுத்தாள். கை தட்டினேன். திரையில் தாளக் கோட்டின் மேலேயே விழுந்தது. உடனே அக்காவுக்குப் போன் போட்டு, தப்பு உன்மேல் இல்லை, கம்பி இல்லாததுதான் தப்பு என்றேன். நாளைக்கு வரேன் என்றாள்.

மார்ச் 16, திங்கள்

ஒரே முறை. கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டு இடத்தில் குரல் கரகரத்தது. நான் கை வைக்கவில்லை. அவளுக்குப் பதிலாக வரும் டீச்சருக்கு அனுப்பியாயிற்று.

மனைவிக்கு நன்றி. ‘டொய்ங்’குக்காக சுருதிக்கும் நன்றி. அந்த நாலு பட்டை மென்பொருளை எழுதி இலவசமாக விட்டவர் யாரோ, எங்கே இருக்கிறாரோ. எங்கள் அக்காவை அவருக்குத் தெரியாது. நன்றாக இருக்கட்டும்.

மார்ச் 17, செவ்வாய்

ஐயோ. பதிவின் வாலை வெட்ட மறந்துவிட்டேன். பாட்டு முடிந்ததும் அக்கா என்னைக் கேட்டது அப்படியே பதிவாகியிருக்கிறது: “சரியா வந்துச்சாடா?” வேறு அனுப்புகிறேன் என்று புது டீச்சரிடம் சொன்னேன். நேரம் கடந்துவிட்டதாம், அதையும் பாட்டின் கடைசி வரி என்று நினைத்துப் பிள்ளைகள் பாட ஆரம்பித்துவிட்டார்களாம்.

மார்ச் 18, புதன்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண் விழித்ததும் காகிதத்தில் எழுதிக் கேட்டாள்: ‘பசங்க கை கழுவினாங்களா?’

ஏப்ரல் 2, வியாழன்

இன்று முதல் கொஞ்சம் பேசலாம் என்றார் டாக்டர். பேசினாள். குரல் தடித்து, இறங்கி இருக்கிறது. பழையது இனி முழுசாக வராதாம். யாரோ பேசுகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லி வாயை மூடிக்கொண்டாள். பிள்ளைகளுக்கு அடையாளம் தெரியாமல் போய்விடும் என்று பயப்படுகிறாள். எனக்கும் அந்தப் பயம்தான். வெளியே சொல்லவில்லை.

ஏப்ரல் 20, திங்கள்

வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு அக்காவைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டேன். வழி முழுக்க அவள் பேசவில்லை. வகுப்பிலும் சிரிப்போடு சரி.

கை கழுவும் நேரம். நான் வராந்தாவில் நின்றேன். ஸ்பீக்கரில் அக்காவின் பழைய குரல். கூடவே இருபத்திரண்டு பேர். நான் போட்ட மேளத்தைக் குழாய்ச் சத்தம் ஒன்றும் செய்ய முடியவில்லை. பாட்டு முடிந்தது. வழக்கமாக எல்லோரும் ஸ்பீக்கரைப் பார்த்துக் கத்துவார்களாம். இன்று அத்தனை பேரும் ஈரக் கையைத் தூக்கிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்கள்.

“சரியா வந்துச்சாடா?”

அக்கா ஒரு தடவை என்னைப் பார்த்தாள். பிறகு, அந்தத் தடித்த புதுக் குரலில், மெதுவாகச் சொன்னாள்.

“வந்துச்சு. சரியா வந்துச்சு.”

எனக்குத்தான் கண் கலங்கியது. பிள்ளைகளுக்கு அதில் வித்தியாசமாக ஒன்றும் படவில்லை. பதில் கிடைத்துவிட்டது, வரிசையாகத் துண்டு எடுக்கப் போய்விட்டார்கள்.