ஒத்திகைக்கு வந்த சனம்

ராத்தா,

ஸலாம். வழக்கப் பத்தி உம்மாக்கிட்ட கேக்காதீங்க, நானே சொல்றன்.

கொரோனாக்குள்ள மௌத்தான உங்கட புள்ளைய அடக்க உடாம அரசாங்கம் எரிச்சதத்தான் நாடகமா எழுதினன். எரிக்கிற காட்சிய வெட்டினாத்தான் மேடைக்கு அனுமதி எண்டாங்க தணிக்கைச் சபைக்காரங்க. அதுக்கு எதிராத்தான் வழக்குப் போட்டம்.

சாய்ந்தமருதுல ஒத்திகைக்கு ஊரே பாயும் புள்ளையுமா வந்து குந்திட்டு. கதவச் சாத்த மனம் வரல்ல. சனம் பாத்தா ஒத்திகையும் நாடகந்தானாம், அனுமதியில்லாம போட்டதெண்டு பொலிஸ் என்னப் புடிச்சிட்டு. என்னப் போல பள்ளிக்கூடத்த பாதில உட்டவனுக்கு இந்தச் சட்டமெல்லாம் எங்க தெரியும்?

"மகன், வழக்க வாபஸ் வாங்கு. இனி இத போடமாட்டன் எண்டு எழுதிக் குடு. இல்லாட்டி உள்ளுக்குத்தான்" எண்டார் எங்கட லோயர்.

எரிக்கச் சம்மதமெண்டு கையெழுத்துக் கேட்டப்போ, ஆஸ்பத்திரில நீங்க பேனைய எறிஞ்சீங்க.

நான் கையெழுத்து வெச்சிட்டன் ராத்தா.

உங்கட தம்பி