கடைசி வெட்டு முடியும்வரை

ஜனவரி 14, 2025

பாண் வாங்கப் போன என் மனுசன் பத்து மணி தாண்டித்தான் வந்தார். வழியில் யாரோ உப்பளத்துக் கதை கேட்டார்களாம், நின்று முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாராம். பட்டறைக் கதிரையில் அன்ரனிப்பிள்ளை அதுவரைக்கும் காத்துக்கொண்டிருந்தார். அவருடைய படகு குறிஞ்சிப்பிட்டியில் கரையேறிக் கிடக்கிறது. போன வருசம் நாங்கள் கடைந்து கொடுத்த புறொப்பெலர் ஷாஃப்ட், அந்த இரும்புத் தண்டு, நடுங்குகிறதாம்.

"ஜப்பார், உன்ட ஷாஃப்ட் போட்டதிலிருந்து படகில ஒருத்தனும் கடல் பாக்கிறதில்ல. எல்லாரும் பல்லைக் கடிச்சிக்கொண்டு இருக்கிறானுகள்."

இவர் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. இன்னொன்று செய்து தரச் சொன்னார். இதுவும் நடுங்கினால் சிலாபத்துப் பட்டறைக்குப் போய்விடுவாராம். அவர் போனால் அவருடைய மச்சான்மாரின் படகுகளும் போகும். பிறகு எங்களுக்கு மிஞ்சுவது தண்ணீர்ப் பம்ப் திருத்துகிற வேலைதான்.

ஜனவரி 17

சிலாபத்திலிருந்து எலெக்ட்ரோனிக் வேலை தெரிந்த பையன் ஜெனிஸ்டன் வந்து மெஷினில் சென்ஸர் பூட்டினான். சட்டைப் பொத்தான் அளவில் ஒரு மைக். வாப்பா விட்டுப்போன, இரும்பு கடைகிற லேத் மெஷின் என்னைவிட மூத்தது. வெட்டும் முனை லேசாக அதிர்ந்தால் உருக்கில் அலை அலையாய்த் தடம் விழும். அதுதான் நடுக்கத்துக்குக் காரணமாம். அதிரும்போது ஒரு முனகல் வருமாம், நம் காதுக்குப் பிடிபடாதாம். மைக் அதைக் கேட்ட உடனே மெஷினை நிறுத்திவிடும்.

கொம்பியூட்டர் பக்கம் என்னுடையது. மெஷின் பக்கம் இவருடையது. சந்தோஷமாக இருக்கிறது, ஏன் மறைக்கவேண்டும்?

ஜனவரி 18

நாள் முழுக்க மெஷின் நின்று நின்று ஓடியது. முனையைத் தீட்டினோம், எண்ணெய் போட்டோம், கீழே கட்டை வைத்து இறுக்கினோம். நிற்கும். ஏன் நின்றது என்று இவர் வாயை மூடிக்கொண்டு யோசிப்பார். ஓடும். "பாத்தியா, சரியாப் போச்சு, இப்படித்தான் ஒருக்கா மாம்புரியில..." என்று தொடங்குவார். நிற்கும்.

எனக்கு மெல்ல விளங்கத் தொடங்கியது. சொல்லத்தான் பயம்.

ஜனவரி 20

ஜெனிஸ்டன் திரும்ப வந்தான். இவரை மைக்குக்கு முன்னால் நிறுத்திப் பேப்பர் வாசிக்கச் சொன்னான். திரையில் ஒரு கோடு எழும்பியது. நேற்று மெஷின் அதிர்ந்தபோது எழும்பிய கோட்டைப் பக்கத்தில் போட்டுக் காட்டினான். இரட்டைப் பிள்ளைகள்!

"ஜப்பார் நானா, கோவிக்காதீங்க. மெஷின் நடுங்குற சத்தமும் உங்கட குரலும் ஒரே சுருதி."

"அப்ப குரலை மாத்தவா?"

இரும்பில் ஒட்டி இரும்பின் அதிர்வை மட்டும் பிடிக்கிற சென்ஸர் இருக்கிறதாம். கொழும்பிலிருந்து வரவேண்டும், ஒரு மாதம் ஆகும். அன்ரனிப்பிள்ளைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. சென்ஸரைக் கழற்றிவிட்டு வெட்டினால் வாங்கவும் மாட்டார். "அது காது குடுத்துக் கேட்ட ஷாஃப்ட்தான் வேணும்" என்கிறார்.

ஆக, மெஷின் ஓடும்வரை இவர் கதைக்கக்கூடாது. ரகசியக் குரலில் கதைத்துப் பார்த்தார். மெஷின் நிற்கவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் இவரே நிறுத்திவிட்டார். "இப்படிச் சொன்னா எல்லாம் களவுக் கதை மாதிரிக் கேக்குது."

ஜனவரி 23

இப்போது எல்லாம் கைச்சாடைதான். கட்டைவிரலை வளைத்தால் எண்ணெய் கொண்டு வா. காதைத் தொட்டால் சென்ஸரைப் பார். ஒரு கையால் மற்றக் கையை அறுப்பதுபோல் காட்டினால் வெட்டு நடக்கிறது, கிட்ட வராதே.

பம்ப் திருத்த வந்த தோட்டக்காரர் ஒருவர் என்னை வெளியே கூப்பிட்டு, "மகள், ஜப்பாருக்குப் பேச்சு விழுந்துட்டா? புத்தளம் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டினீங்களா?" என்றார். சென்ஸரைப் பற்றி விளக்கினேன். புருசனுடைய வருத்தத்தை மறைக்கிற பொம்பிளையைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஜனவரி 26

சாப்பாட்டிலும் கதைக்கவில்லை. வீட்டில் ஏது சென்ஸர்?

ஜனவரி 28

கேட்டேன். ஏன் இஞ்சயும் வாய் திறக்கிறீங்க இல்ல என்று. ஆணத்தைச் சோற்றில் ஊற்றிக்கொண்டே சொன்னார்: "பழகிட்டன். கலியாணம் முடிச்ச நாளையிலிருந்து நீ கேட்டது இதானே."

நான் என்ன கேட்டன்? கொஞ்சம் குறையுங்க என்டுதான் கேட்டன். நிப்பாட்டச் சொன்னேனா? ரேடியோட சத்தத்தைக் குறைக்கிறவ ரேடியோவையே வித்துப்போடச் சொல்றாளா? இந்த மனுசனுக்கு எப்படி விளங்கப்படுத்துறது — எதிர்த்துக்கூடக் கதைக்க மாட்டாராமே.

ஜனவரி 31, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து செய்னுலாப்தீன் ஹாஜியார் பட்டறைக்கு வந்தார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிறவர், ஊரில் எந்தக் குடும்பச் சண்டையையும் தீர்த்துவைக்காமல் விடமாட்டார். ஷாஃப்டின் முன் முனையில் வெட்டு ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் சத்தத்துக்கு மேலால் இவரைக் கேட்டார்: "தம்பி ஜப்பார், உனக்கும் ஸபீனாவுக்கும் இடையில என்ன?"

இவர் என்னைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார். ஒரு கையால் மற்றக் கையை அறுத்துக் காட்டினார்.

ஹாஜியாரின் முகம் வெளுத்துவிட்டது. "அறுத்தாச்சா?"

இவர் தலையாட்டினார்.

ஹாஜியார் கதிரையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து கொடுக்க, என் தலையில் கை வைத்துவிட்டு, என்ன ஏது என்று நான் கேட்பதற்குள் போய்விட்டார்.

பெப்ரவரி 1

காலையிலிருந்து பெண்கள் வருகிறார்கள். மவுத்தான வீட்டுக்குத் துக்கம் கேட்க வருவதுபோல் பிஸ்கட் பெட்டியோடு, மெல்லிய குரலில். ஒருத்தியும் ஒன்றும் கேட்கவில்லை. "அல்லாஹ் இருக்கிறான்" என்று சொல்லி தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறார்கள்.

பின்னேரம் ஹாஜியார் போன் எடுத்தார். "விசாரிச்சுப் பாத்தன் மகள். வாய் இருக்கிறவன் கையால சொன்னா தலாக் செல்லாதாம். நீ யோசிக்காத."

"ஹாஜியார், அவர் இரும்பைச் சொன்னவர்!"

"ஓம் ஓம். அவன்ட மனசு இரும்புதான்."

பெப்ரவரி 3

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

கடைசி வெட்டு. இதில் மெஷின் இடையில் நின்றால் ஷாஃப்டில் வளையம் விழுந்துவிடும், அழிக்க முடியாது. கூலன்ட் பம்ப் பழுதானதால் வெட்டும் முனைக்கு நான்தான் கையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றுவதை விட்டால் முனை எரிந்துபோகும். இவருடைய கை சக்கரத்தில். இரண்டு பேருக்கும் அசைய வழியில்லை.

அப்போது வீட்டு வாசலில் ஒரு லொறி வந்து நின்றது. என் தம்பி நளீம்! மாம்புரியில் எங்கள் உம்மா வீட்டுக்குச் செய்தி போயிருக்கிறது. கூட இரண்டு பேர். ஜன்னலால் எல்லாம் தெரிகிறது. வீட்டுக்குள் போனார்கள். கலியாணத்துக்கு உம்மா தந்த என் அலுமாரியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

நான் இடது கையை ஆட்டினேன், வேண்டாம் என்று. நளீம் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பக் கை ஆட்டினான், எல்லாம் பார்த்துக்கொள்கிறேன் ராத்தா என்பதுபோல். கத்தவும் முடியாது. என் குரலைச் சென்ஸர் பிடிக்கிறதில்லை, ஆனால் அந்த நேரத்தில் அதை நம்ப யாருக்குத் துணிவு வரும்? வெட்டு பாதிதான் போயிருந்தது. அலுமாரி லொறியில் ஏறுகிறது. இவரைப் பார்த்தேன். இவர் ஷாஃப்டையும் அலுமாரியையும் மாறி மாறிப் பார்க்கிறார். கழுத்து நரம்பு புடைக்கிறது.

"டேய் நளீம்! அதுட இடது கால் கழண்டது, சரிச்சுப் பிடி! உன்ட ராத்தாட சாமான்டா!"

மெஷின் நின்றது.

லொறிக்காரன் அலுமாரியை நழுவவிட்டான். இவர் ஓடினார், ஓடிக்கொண்டே கதைத்தார். அலுமாரியை இறக்கும்போது கதைத்தார், நளீமின் தோளில் கை போட்டுக் கதைத்தார். சென்ஸர், ஹாஜியார், தோட்டக்காரர், பிஸ்கட், நான் கேட்டது, தான் கோபித்தது எல்லாம். நளீம் அழுதான், பிறகு சிரித்தான், பிறகு பசிக்கிறதென்றான். நான் கையில் கூலன்ட் போத்தலோடு வாசலில் நின்றேன். எனக்கும் அழுகையா சிரிப்பா, எது வந்ததென்று தெரியவில்லை. இரண்டும்தான்.

ஷாஃப்டில் வளையம் விழுந்துவிட்டது.

பெப்ரவரி 4

அன்ரனிப்பிள்ளை வந்தார். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டு நின்றேன். எனக்கு முன்னால் இவர் தொடங்கிவிட்டார். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை கதை போனது. முடிய, அன்ரனிப்பிள்ளை வளையத்தை நகத்தால் தடவிப் பார்த்தார்.

"இது பேரிங்குக்குள்ள வராத இடம். மெஷின் நின்டதும் உன்ட சத்தத்துக்குத்தானே, நடுக்கத்துக்கு இல்லையே?"

"சத்தியமா இல்ல."

"அப்ப குடு."

பெப்ரவரி 11

படகு இறங்கியது. நடுக்கமில்லையாம். அவருடைய மச்சான் ஒருவரும் தன் படகு ஷாஃப்டுக்கு அளவு கொண்டுவந்தார்.

பெப்ரவரி 22

ஜெனிஸ்டன் புதுச் சென்ஸரை இரும்பில் ஒட்டினான். இவர் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று பெருங்குரலில் பேப்பர் வாசித்தார். ஓடியது. செய்தி முடிந்து விளம்பரமும் வாசித்தார். ஓடியது.

பின்னேரம் ஹாஜியார் உட்பட நாலைந்து பேர் பட்டறையில். அலுமாரிக் கதைதான். ஒவ்வொரு நாளும் அலுமாரி கொஞ்சம் வளர்கிறது, லொறியும் பெரிதாகிறது. இன்றைக்குச் சொன்னதில் நானும் அலுமாரிக்குள்ளே இருந்தேன், உள்ளிருந்து கதவைத் தட்டினேனாம். ஹாஜியார்கூட என் பக்கம் திரும்பி, "மெய்யா மகள்?" என்றார்.

"ஓம்" என்றேன்.