மன்னரின் வாக்கை நம்பி மனு எழுதிய என் தம்பியின் விடுதலை தொடர்பாக

அனுப்புநர்:
அம்பலவாணன் யோகமலர்,
கோலியர்ஸ் வுட், இலண்டன்.

பெறுநர்:
எமது தொகுதியின் மாண்புமிகு நாடாளுமன்ற உறுப்பினர் அவர்கள்,
இலண்டன்.

பொருள்: வளைகுடா முடியரசு ஒன்றில் தடுத்து வைக்கப்பட்டுள்ள பிரித்தானியக் குடிமகன் அம்பலவாணன் லதீசன்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. ஆங்கிலத்தில் இவ்வளவையும் எழுத எனக்கு ஏலாது. தமிழில் தந்தால் மொழிபெயர்ப்பதாகத் தங்கள் அலுவலகத்தில் சொன்னபடியால் எழுதுகிறேன். அந்நாட்டின் பெயரைத் தனித்தாளில் இணைத்துள்ளேன். இந்தக் கடிதம் பல கைகள் மாறும் என்று பயப்படுகிறேன்.

2. லதீசன் என் ஒரே தம்பி. அங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் ஆறு வருடங்களாகப் பொறியியலாளர். அரசியலில் ஈடுபட்டவன் அல்லன்.

3. எனக்கும் அரசியல் தெரியாது. திகதிகள் மட்டும் தெரியும். மார்ச் மூன்றாம் திகதி தண்ணீர் வெட்டுக்கு எதிராகச் சனம் தலைநகரின் சதுக்கத்தில் கூடியது. நிலையத் தொழிலாளர் மூவரைக் காவலர்கள் அடித்தார்கள். ஒன்பதாம் திகதி மன்னர் தொலைக்காட்சியில் தோன்றினார். ஆலோசனைச் சபை அமைக்கப்படும், வெளிநாட்டவர் உட்பட எவரும் குறைகளைப் பெயருடன் எழுதலாம், எழுதியவர் எவரும் தண்டிக்கப்படார் என்றார். பன்னிரண்டாம் திகதி சதுக்கம் வெறுமையாகிவிட்டது. சனம் கைதட்டி வீட்டுக்குப் போனது. அந்தக் கிழமையே தம்பி மூவருக்காகவும் மனு எழுதினான்.

4. ஜூன் இரண்டாம் திகதி சபை கூடியது. அறுபது பேரில் நாற்பது பேரை மன்னரே நியமித்தார். ஆலோசனை மட்டும் சொல்லலாமாம். மனு எழுதியவர்களைக் காவலர்கள் ஒவ்வொருவராக விசாரணைக்கு அழைக்கத் தொடங்கியதும் அதே கிழமைதான். ஐந்தாம் திகதி தம்பி போனான். திரும்பவில்லை. சபை அமைத்ததே சனத்தை வீட்டுக்கு அனுப்பத்தானோ, மனுக்கள் கேட்டதே பெயர்களைச் சேர்க்கத்தானோ என்று இப்போது நினைக்கிறேன்.

5. ஆகஸ்ட் மாதம் மூன்று நிமிடம் தொலைபேசியில் பேசவிட்டார்கள். "அக்கா, எழுதினது எல்லாம் பொய் எண்டு கையெழுத்து வைக்கச் சொல்லீனம்" என்றான். நான் யோசிக்கவே இல்லை. "வைச்சுப்போட்டு வா தம்பி" என்றேன். "அப்ப அடி வாங்கின மூண்டு பேரின்ரை கதி?" என்று கேட்டான். இணைப்பு துண்டிக்கப்பட்டது. நான் அப்படிச் சொன்னது வெட்கம்தான். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

6. சென்ற செவ்வாய்க்கிழமை, நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு அந்நாட்டுத் தூதரகத்திலிருந்து ஒருவர் வந்தார். மிக மரியாதையாகப் பேசினார். இம்மாதம் பதினாறாம் திகதி சீர்திருத்தத்தைப் பாராட்டி இங்கே ஒரு விருந்து நடக்கிறதாம். மேடையில் ஏறி நான் மன்னருக்கு நன்றி சொன்னால் தம்பிக்கு நல்லது என்றார். என் வீட்டு முகவரியை நான் கொடுக்கவில்லை. ஆனால் போகும்போது அதைச் சரியாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து கதவு தட்டினால் மூச்சடக்கி நிற்கிறேன். மேடையேற மாட்டேன் என்று உறுதியாக எழுதவும் எனக்குத் துணிவில்லை.

7. அந்த விருந்துக்குத் தங்களுக்கும் அழைப்பு வந்திருப்பதாக அவரே சொன்னார். ஆகவே தாழ்மையுடன் கேட்கிறேன். அங்கே கைதட்டும் முன், லதீசன் எங்கே என்று அவர்களிடம் எல்லோர் முன்னிலையிலும் கேளுங்கள். இம்மாதம் இருபத்தோராம் திகதி தம்பியின் வழக்கு விசாரணைக்கு வருவதாக அங்கிருந்து எனக்குச் செய்தி வந்தது. அப்போது பிரித்தானிய அதிகாரி ஒருவர் நீதிமன்றத்தில் இருக்க ஏற்பாடு செய்யுங்கள். அச்செய்தியை அனுப்பிய, அவனுடன் வேலை செய்த தொழிலாளி யாரென்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

8. பெயர் போடாமல் அனுப்பவே நினைத்தேன். பெயரில்லாத மனுவை ஏற்கமாட்டார்கள் என்று தங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். அங்கே என் தம்பிக்கும் இதையேதான் சொன்னார்கள். இருந்தும் என் முழுப்பெயரைக் கீழே எழுதுகிறேன்.

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்)
அம்பலவாணன் யோகமலர்

இடம்: இலண்டன்
திகதி: 06.10.2025