நாலு விரல் கணக்கு

விஸ்வநத்தம்,
3.7.2004

அன்புள்ள மாரிக்கண்ணன் அண்ணனுக்கு,

உங்கள் தங்கை பொன்மணி எழுதுவது. ஷார்ஜா வெயிலில் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

நீங்கள் விட்டுப்போன பழைய பிக்கப்தான் இப்போது எங்கள் பிழைப்பு. உங்கள் மாப்பிள்ளை பட்டாசுக் கம்பெனிக்கு லோடு அடிக்கிறார். தீபாவளி ஆர்டர் குவிந்துகிடக்கிறது. வண்டியோ கொஞ்சம் ஏற்றியதுமே பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது. டயருக்கும் அதன் மேலே இருக்கிற தகட்டுக்கும் நடுவில் நாலு விரல் நுழையாவிட்டால் அதற்குமேல் லோடு ஏற்றக் கூடாது என்று நீங்கள் சொன்ன கணக்கை இவர் மீறுவதே இல்லை. முதலாளி வேறு வண்டி பார்க்கிறாராம். ஒரு வழி சொல்லுங்கள்.

அன்புடன்,
பொன்மணி


ஷார்ஜா,
18.7.2004

அன்புத் தங்கைக்கு,

பத்து வருடமாக வண்டிகளுக்கு ஸ்பிரிங் பட்டை போடுகிற வேலை பார்க்கிறவன் அண்ணனாக இருக்க, இதற்கா கவலை? பின்பக்கம் தாங்குகிற பட்டைகளோடு, பக்கத்துக்கு இரண்டு பட்டை கூடுதலாகப் போடச் சொல். போல்ட்டும் ஷாக் அப்சார்பரும் புதுசாக இருக்கட்டும். இனி யானையே ஏறினாலும் வண்டி உட்காராது என்று மாப்பிள்ளையிடம் சொல்.

ஒன்று மட்டும். காலியாகப் போனால் ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளும். பின்னால் எப்போதும் கொஞ்சம் கனம் வைத்துக்கொள்ளுங்கள்.

உன் அண்ணன்


விஸ்வநத்தம்,
14.8.2004

அன்புள்ள அண்ணனுக்கு,

பட்டை போட்டாயிற்று. எவ்வளவு ஏற்றினாலும் நாலு விரல் நுழைகிறது! இவர் கையை விட்டுக் காட்டி, "பாத்தீகளா மொதலாளி, இன்னும் ஏத்தலாம்" என்கிறார். அவரும் சிரித்துக்கொண்டே ஏற்றுகிறார்.

காலையில் எங்கள் தெருப் பெண்கள் பதினோரு பேரும் ஆமத்தூர்ப் பக்கம் வேலைக்குப் போவது அதில்தான். முதல் இரண்டு நாள் துள்ளலில் இடுப்பு கழன்றுவிட்டது. நீங்கள் சொன்னபடி கனம் வைத்துவிட்டோம். கலந்த பட்டாசு மருந்து எப்படியும் அங்கே போக வேண்டியதுதானே, அந்த டப்பாக்களையே ஏற்றுகிறார்கள். நாங்கள் சுற்றி உட்கார்ந்து பிடித்துக்கொள்கிறோம். டப்பா உரசினால் அடுத்த வீட்டு மூக்கம்மாள் மதினி முகத்தைப் பார்க்க வேண்டுமே! நான் கேலி செய்தே கொல்கிறேன்.

பொன்மணி


ஷார்ஜா,
28.8.2004

பொன்மணி,

அந்த வண்டியில் ஏறாதே. யாரையும் ஏறவிடாதே.

நாலு விரல் கணக்கு பழைய பட்டைக்கு. புதுப் பட்டை அமுங்காது. எவ்வளவு லோடு என்று வண்டி இனிச் சொல்லாது. குழியில் விழுகிற அடியை அப்படியே மேலே அனுப்பும். மேலே மருந்து இருக்கிறது. நான் அட்டைப்பெட்டி லோடு என்றே நினைத்தேன். என்ன லோடு என்று கேட்காமல் எழுதியது என் புத்திகெட்டதனம்.

கடிதம் கண்டதும் பட்டையைக் கழற்றச் சொல். உங்கள் வீட்டு எதிர்க் கடைக்கு மூன்று நாளாகப் போன் போடுகிறேன். மணி அடிக்கிறது, எடுப்பார் இல்லை.

அண்ணன்


விஸ்வநத்தம்,
4.9.2004

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்களிடமிருந்து பதிலே இல்லையே, உடம்புக்கு ஒன்றுமில்லையே? இங்கே நல்ல மழை. ரோடெல்லாம் குழி. மூக்கம்மாள் மதினி நேற்றிலிருந்து பஸ்ஸில் போகிறார். நானும் பயந்தால் என் அண்ணன் சொன்ன வேலைக்கு என்ன மரியாதை?

வண்டி வந்துவிட்டது. இவர் கையை நுழைத்துக் காட்டுகிறார். "ஏறு புள்ள, நாலு விரல் இருக்குல்லா!"

இதைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு ஏறுகிறேன்.

பொன்மணி


ஷார்ஜா,
16.9.2004

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் இன்று வந்தது. நாகையா சித்தப்பா பூத்திலிருந்து போட்ட போன் பன்னிரண்டு நாளைக்கு முன்பே வந்துவிட்டது. ஆமத்தூருக்கு ரோடு பிரிகிற விலக்குக்குப் பக்கத்துக் குழி என்றார். நீ, மாப்பிள்ளை, வண்டியில் இருந்த யாருமே மிஞ்சவில்லை என்றார். என் கடிதம் அன்று மத்தியானம்தான் வந்ததாம். மூக்கம்மாள் பிரிக்காமல் வைத்திருக்கிறாளாம்.

இங்கே கம்பெனி வாங்கி வைத்திருந்த பாஸ்போர்ட் இன்றுதான் கைக்குக் கிடைத்தது. நாளை புறப்படுகிறேன். இதை எந்த விலாசத்துக்குப் போடுவது என்று தெரியாமலே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நாலு விரல் இருந்தது என்கிறாய். இருந்திருக்கும், பொன்மணி. கடைசிவரை அந்தப் பட்டை அமுங்கியிருக்காது.

உன் அண்ணன்