அம்மா போட்ட கையெழுத்து

ஆற்று வாசம் அடிக்கிற என் அம்மாவுக்கு,

நீ போய் இரண்டு வருஷம் கழித்து, போன புதன்கிழமை மத்தியானம் உன்னைப் பார்த்தேன். ஜெராக்ஸ் கடையில்.

பத்தாவதோடு நின்ற பிறகு ஆழ்வார்குறிச்சியில் அங்கேதான் வேலை. யாரோடும் அதிகம் பேச வேண்டாம். அன்றைக்கு நம்ம ஊர் பஞ்சாயத்துக்குப் புதிதாக வந்திருக்கும் கிளார்க் அண்ணாச்சி ஒரு நோட்டைக் கொடுத்து, "ரெண்டு செட்டு எடு பிள்ள" என்றார். மூடிக்கு அடியில் பச்சை வெளிச்சம் பைய நகர்ந்தது. வந்த தாளில் உன் பெயர். அதற்கு நேரே ஒரு கையெழுத்து.

முதலில் சந்தோஷம்தான் வந்தது, அம்மா. நீ ஆற்றில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, என்னிடம் மட்டும் சொல்லாமல் போய்விட்டாய் என்று தோன்றியது. தாள் வேறு வெதுவெதுப்பாக இருந்தது, உன் கை மாதிரி.

பிறகுதான் கவனித்தேன். ஒரே இழுப்பில் போட்ட கையெழுத்து. நீ நாக்கைக் கடித்துக்கொண்டு எழுத்து எழுத்தாக எழுதுவாய். பேங்கில் வரிசையே முனகும். இவ்வளவு வேகம் எங்கே கற்றுக்கொண்டாய்?

அது கிராம சபைத் தீர்மானம். ஆற்றங்கரையில் கிணறு போட்டுத் தண்ணீர் எடுக்க, பாட்டில் தண்ணீர்க் கம்பெனிக்கு ஊரே சம்மதம் என்று எழுதியிருந்தது. அந்தக் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். வாக்காளர் பட்டியலில் பெயர் வந்த பிறகு எனக்கு முதல் கூட்டம். பந்தல், நாற்காலி, பிரியாணி எல்லாம் கம்பெனி செலவு. தீர்மானத்தை யாரும் வாசிக்கவில்லை. நோட்டு கைக்கு வந்ததும் கூச்சத்தில் மேலே கீழே பார்க்காமல் குனிந்து போட்டுவிட்டேன். உன் கையெழுத்து பொய். அதற்குக் கீழே என்னுடையது நிஜம். எது பெரிய தப்பு, அம்மா?

"அண்ணாச்சி, இது எங்கம்மா" என்றேன்.

"அப்படியா, நல்லாருக்காளா?"

"செத்துட்டா."

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். "ஒரே பேரு எத்தனையோ பேருக்கு இருக்கும்லா."

"வீட்டு நம்பருமா அண்ணாச்சி?"

என் வாயிலிருந்துதான் வந்தது. யார் பேசியது என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

"பைய பேசு பிள்ள. செத்தவ பேரை ஓட்டு லிஸ்ட்ல இருந்து எடுக்காம வச்சிருந்தது நீங்கதான?"

அவர் நகைப் பெட்டியைப் போல நோட்டை அணைத்துக்கொண்டு போனார். அவருக்குத் தெரியாமல் எடுத்த மூன்றாவது செட்டு என் சாப்பாட்டுப் பைக்குள் இருந்தது.

ஆனால் அவர் சொன்னதும் உண்மை. பெயர் நீக்கும் படிவத்தை வீட்டுக்கே வந்து கொடுத்தார்கள். நான்தான் அப்பாவிடம் காட்டாமல் அரிசிப் பானைக்கு அடியில் வைத்தேன். பட்டியலில் உன் பெயர், அடுத்த வரியில் என் பெயர். நாம் ஒட்டிக்கொண்டு இருக்கிற இடம் அது ஒன்றுதான். என் ஆசையை அவர்கள் எடுத்துப் பயன்படுத்திக்கொண்டார்கள். கம்பெனிக்கு ஓட்டு கிடையாது. ஆனால் ஓட்டுள்ள நாம் என்ன சொன்னோம் என்று அதுதான் எழுதிக்கொள்கிறது. செத்தவர்களைக்கூட விடவில்லை.

திங்கட்கிழமை அப்பாவோடு போய் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தேன். அந்த மூன்றாவது செட்டோடு உன் இறப்புச் சான்றிதழையும் சேர்த்தேன். விசாரிப்பார்களாம்.

நேற்று அரிசிப் பானையைத் தூக்கினேன். படிவத்தில் உன் பெயரை உன்னைப் போலவே, எழுத்து எழுத்தாக எழுதினேன். நாளைக்குக் கொடுத்துவிடுவேன். அடுத்த பட்டியலில் நீ இருக்க மாட்டாய். இனி யாரும் உன் கையைப் பிடித்து எழுத முடியாது.

அடுத்த கூட்டத்தில் நோட்டு என்னிடம் வரும்போது எழுந்து நின்று, "முதல்ல வாசிச்சுக் காட்டுங்க" என்று கேட்பேன். குரல் நடுங்கும். கேட்கவில்லை என்றால் இன்னொரு தடவை சொல்வேன்.

உன் பெயருக்கு அடுத்த வரியில் இருந்த,
உன் மகள்