மடத்தில் வைத்த பெரட்டு

லிந்துலை
16.2.1961

அன்பு மகள் லெட்சுமிக்கு,

இங்கே நானும் உங்கம்மாவும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிறதும் சுகமாக இருக்க முருகன் துணை. என் சுகத்தில் மட்டும் ஒரு சின்னக் கீறல். போன சனிக்கிழமை விடியற்காலையில், கடைக்குத் தைக்க வந்த யாரோ ஒரு ஐயாவின் அரைக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு நின்ற உன் அப்பன் தேயிலைக் கொழுந்துத் திருடன் என்று பிடிபட்டான். ஊர்வாய் உனக்குச் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் உங்கம்மாவைப் பெற்ற உன் தாத்தாவால் வந்தது. வயசாயிற்று என்று தோட்டத்து வேலைப் பதிவில் பேர் வெட்டி, குடியிருந்த லயத்துக் காம்பிராவையும் வாங்கிக்கொண்டார்கள், நம்ம தையல் கடை மாடி ஏணியில் அவர் முழங்கால் ஏறாது, அதனால்தானே அட்டன் வயோதிபர் மடத்தில் விட்டோம். மெத்தை, கம்பளி, நேரத்துக்குச் சோறு, ஒரு குறையில்லை, ஆனால் முந்நூறு பேரை வேலைக்கு விரட்டிய அழகுமுத்துக் கங்காணி மூன்று மாதமாகச் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார், தட்டு போனபடியே திரும்பி வந்தது. தோட்டங்களில் உழைத்து ஓய்ந்து வந்த மற்றக் கிழடுகளும் அப்படித்தான், மழைக்கு ஒதுங்கிய கோழிகள் மாதிரி. இப்படியே போனால் சித்திரையைப் பார்க்கமாட்டார் என்று மடத்துச் சிஸ்டரம்மா சொல்ல, ஏழு மாத வயிற்றோடு பஸ் ஏறி வருவேன் என்று நீ எழுத, நான் தையலை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். யோசித்துப் பார்த்தேன். காலையில் பேர் கூப்பிட்டு ஏசாமல் எழும்பிப் பழகாத சனம், இதுக்குத் தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுத்தான் மருந்து என்று முடிவெடுத்தேன். போன வாரத் திங்கட்கிழமையிலிருந்து தினமும் மத்தியான பஸ்ஸில் போய்க் கட்டிலில் குந்திக்கொண்டு, எப்படிக் கத்துவீங்க, என்ன சொல்லி ஏசுவீங்க என்று தாத்தாவை நச்சரித்தேன். மனுசன் சுவரைவிட்டுத் திரும்பவில்லை. அவருக்கு நோவு, உங்களுக்குப் பைத்தியம் என்றாள் உங்கம்மா.

வெள்ளிக்கிழமை ராத்திரி அங்கேயே தங்கி, சனிக்கிழமை, தோட்டத்தில் வேலை வாங்கும் கண்டாக்கு மாதிரி அந்த அரைக் கால்சட்டையை மாட்டிக்கொண்டு தகரத்தைத் தட்டி, பொன்னையா, வேலாயி, அம்மாக்கண்ணு என்று கூப்பிட்டேன் பார், தாத்தாவைத் தவிர மற்றப் பதினோரு பேரும் கம்பளியோடு வந்து வரிசையில் நின்றார்கள்! அதோடு வாயை மூடியிருக்கலாம். கொழுந்துக்குப் போங்க என்று கத்தித் தொலைத்தேன். போய்விட்டார்கள் மகளே! வேலி தாண்டிப் பக்கத்துத் தோட்டத்து மலையில் இறங்கி மடி நிறையப் பறித்தார்கள். அந்தத் தோட்டத்துக் கண்டாக்கு வந்து, யார் ஏவினது என்று கேட்டதும் பதினோரு விரலும் என்னைக் காட்டின. அப்போதுதான் தாத்தா கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். என் ஆளுக பறிச்ச கொழுந்துல ஒரு முத்தல் காட்டுய்யா, நீதான் நிரையைக் காடாப் போட்டு வச்சிருக்க என்று கண்டாக்கைப் பிடித்தார் ஒரு பிடி. அப்புறம் என் பக்கம் திரும்பி, மாப்பிள்ளை, கண்டாக்கு வேசம் போட்டா தொந்தியை உள்ள இழுங்க என்றார். இழுத்தேன், கால்சட்டை கிழிந்தது. கண்டாக்கு சிரித்த சிரிப்பில் வழக்கும் தள்ளுபடி. அன்றைக்கு என் கண் முன்னாலேயே தாத்தா மூன்று ரொட்டி தின்று சம்பல் கேட்டார். அதனால் நீ பஸ்ஸேறாதே. இரும்புச் சத்து மாத்திரையை மறக்காதே. பேர் சொல்லும் பிள்ளையாகப் பெற்று நூறு வயசு வாழ்.

உன் அப்பன்,
சோலைமலை

பி.கு.: என் பெரட்டு வைத்தியத்தைச் சிஸ்டரம்மாவிடம் நேற்றுப் பீற்றிக்கொண்டேன். கங்காணி பெரட்டுக்கு முந்தின செவ்வாய்க்கிழமையிலிருந்தே ராத்திரித் தட்டை வழித்துத்தான் சாப்பிடுகிறாராம், சாப்பிட்டு முடித்ததும், அந்த வாயாடி நாளைக்கும் வருவானா என்று கேட்கிறாராம்.